உலக மகாநாட்டுத் தீர்மானமும் நம் ஊர் ஏரி மதகும்

மார்ச்சு மாதம் 22-ந் தேதியை உலகத் தண்ணீர் தினமாக அனுஷ்டிக்க வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபையார் 1992-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தீர்மானித்தனர். மறு வருஷம் முதல் அஃது அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. நமது ராஜ்யத்தில் அன்றைய தினம் கிராம சபையும் கூட வேண்டுமென்று சர்க்கார் 2022-ம் வருஷத்தில் ஏற்பாடு செய்தனர். ஆகவே, நியூயார்க்கு நகரில் இயற்றப்பட்ட தீர்மானம் ஒன்று திருவண்ணாமலை ஜில்லாவின் ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திற்கும் ஆலமரத்தடிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. தீர்மானம் வந்தது, ஜலம் வந்ததா என்று குடியானவர்கள் கேட்பது நியாயமே. இதில் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டியது யாது என்பதை எனது அனுபவத்தில் கண்டவரையில் இங்கே கூற எண்ணுகிறேன்.

முதலில், உலக மகாநாடுகளில் சொல்லப்பட்டது இன்னதென்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நலம். தண்ணீருக்கென்றே ஐக்கிய நாடுகள் சபை நடத்திய முதலாவது மகாநாடு 1977-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஆர்ஜென்டைனா தேசத்தின் மார் டெல் பிளாட்டா நகரில் கூடிற்று. 1981 முதல் 1990 வரையுள்ள பத்து வருஷங்களுக்குள் யாவருக்கும் குடிநீர் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று அதனையொட்டி முயற்சி தொடங்கப்பெற்றது. பத்து வருஷமும் கழிந்தது, காரியம் முடியவில்லை. 2015-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 193 தேசங்கள் ஒப்புக்கொண்ட பதினேழு குறிக்கோள்களில் ஆறாவது, தண்ணீரைப் பற்றியது. கெடு 2030-ம் வருஷம். ஜலத்தைச் சிக்கனமாக உபயோகித்தல், ஒரே நீரைப் பல இலாகாக்களும் பங்கிடும்போது ஒருமுகமாக நிர்வகித்தல், உள்ளூர் ஜனங்களை நிர்வாகத்தில் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை அதனுள் அடங்கும். பின்னர், 2023-ம் வருஷம் மார்ச்சு 22 முதல் 24 வரை நியூயார்க்கில் இரண்டாவது மகாநாடு கூடிற்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 46 வருஷங்கள்! அங்கே ஏறக்குறைய 700 வாக்குறுதிகள் பதிவு செய்யப்பட்டன. ஆயினும் அவை யாவும் அவரவர் மனமொப்பிக் கொடுத்தவை, தவறினால் கேட்பாரில்லை.

இனி நமது ஜில்லாவைப் பார்ப்போம். இங்கே பெரிய ஜீவநதி கிடையாது. பாலாறும் செய்யாறும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் சில நாள் பெருகி, மற்ற நாட்களில் மணலாய்க் கிடப்பவை. ஆகையினாலேயே நம் முன்னோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளை வெட்டி, ஒன்றின் உபரிநீர் மற்றொன்றில் போய் விழும்படி சங்கிலியாகக் கோத்து வைத்தனர். வெம்பாக்கம் தாலுகாவிலுள்ள தூசி மாமண்டூர் ஏரி பல்லவர் காலத்தது. அண்ணாமலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், யாத்திரிகர் நடக்கும் கிரிவலப் பாதையைக் குறுக்கே கடந்தே குளங்களையும் ஏரிகளையும் அடைகின்றன. அப்பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கின்றனர்; காலடியில் செல்லும் ஓடையைக் கவனிப்போர் சிலரே.

100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர், அதற்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. 2021-ம் வருஷம் வரை இவை பொதுப்பணித்துறையின்கீழ் இருந்தன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. இது கரைக்கும் மதகுக்கும் மட்டும். ஏரியின் எல்லையும் வரத்துக்காலின் புல எண்ணும் ரெவின்யூ இலாகாவின் கணக்கில் இருக்கின்றன. மீன் பாசி ஏலமும் மரக் குத்தகையும் வேறொருவர் கையில். வரத்துக்காலைக் கடக்கும் ரஸ்தா நெடுஞ்சாலைத் துறையினுடையது. பயிர் என்ன வைப்பது என்று சொல்லும் யானோ விவசாய இலாகாவின் சிப்பந்தி. ஏரி ஒன்று, எசமானர்கள் ஐவர். எல்லோருக்கும் சொந்தமான மாடு பட்டினியால் இறந்தது போலாகாமல் இதனைக் காப்பதே நிர்வாகம் எனப்படுவது.

ஓர் ஊரில் கண்டது

செங்கம் சாலைக்குச் சமீபமாயுள்ள ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டுவதில்லை. இதுபோன்ற ஊர்கள் பல. அங்குள்ள ஏரிக்கு 60 ஏக்கர் ஆயக்கட்டு. சில வருஷங்களுக்கு முன் அதில் சர்க்கார் செலவில் தூர் வாரப்பட்டது. கரை உயர்ந்தது, மதகுக்குப் புதிய ஷட்டர் போடப்பட்டது, செலவுத் தொகையை எழுதிய பலகையும் நாட்டப்பட்டது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுப்புற ஏரிகள் கோடி போயின. இந்த ஏரி மட்டும் பாதிகூட நிரம்பவில்லை. விதைநெல் விநியோகத்தின் பொருட்டு யான் சென்றிருந்தபோது வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர், "ஐயா, வயிற்றைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள். வாயை யார் திறப்பது?" என்று கேட்டார். யான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக்கொண்டு, புல வரைபடத்துடன் வரத்துக்கால் முழுவதும் நடந்தேன். தூரம் ஒன்றரை மைல். நடந்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று, அவ்வளவும் முள்.

மூன்று குறைகள் புலப்பட்டன. முதலாவது, இரண்டு புஞ்சைக்காரர்கள் வருஷத்திற்கு ஒரு சாண் வீதம் வரப்பைக் கால்வாய்க்குள் தள்ளிவந்ததில், 12 அடி அகலமிருக்க வேண்டிய இடம் 4 அடியாகச் சுருங்கியிருந்தது. இரண்டாவது, ரஸ்தாவின் கீழ் வைத்த சிறு பாலத்தின் தளம் கால்வாயின் அடிமட்டத்திற்கு ஒன்றரை அடி மேலே அமைந்திருந்தது. வெள்ளம் பெருகினால் ஒழிய ஜலம் அதைத் தாண்டாது. மூன்றாவதே பெரிது. மேலேயுள்ள ஊரார் தங்கள் ஏரியின் கலங்கலின்மீது மணல் மூட்டைகளை அடுக்கி ஓர் அடி உயர்த்தியிருந்தனர். அவர்களைக் கேட்டால், "எங்களுக்குமே போதவில்லை" என்றனர். அதுவும் பொய்யன்று.

இம்மூன்றில் எதுவும் தூர் வாருவதால் தீரக்கூடியது அன்று. ஆக்கிரமிப்பு சர்வேயர் வந்து கல் நட்டபிறகு சண்டையின்றி அகன்றது. வரப்புத் தள்ளியவர்களில் ஒருவர் ஆயக்கட்டிலும் நிலமுடையவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். கலங்கல் விஷயமாக இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தாசில்தார் முன்னிலையில் மூன்று தடவை கூடினர். முடிவில் கலங்கலின் சரியான மட்டத்தைக் காட்டும் கல் ஒன்றை இரு ஊராரும் சேர்ந்து பதித்தனர். மழைக்காலத்தில் கீழூர் ஆள் ஒருவர் அங்கே சென்று பார்த்துவர மேலூரார் சம்மதித்தனர். பாலம் மட்டும் இதை எழுதும்வரை அப்படியே இருக்கிறது. அது எமது இலாகாவினுடையதன்று என்பதை நான்கு காகிதங்களின் மூலம் நிச்சயமாக அறிந்துகொண்டேன்.

குடிமராமத்தும் சட்டங்களும்

ஏரி வேலையைக் குடிகளே செய்யும் குடிமராமத்து வழக்கம் நமக்குப் புதிதன்று. 1858-ம் வருஷத்து முதலாவது சட்டம், வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்து வேலைக்கு ஆள் தராதவரிடமிருந்து அவ்வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாமென விதித்தது. ஆயினும் வழக்கம் நாளடைவில் தேய்ந்தது. சட்டத்தால் கட்டாயப்படுத்தியபின் அது ஊராரின் சொந்தக் காரியம் என்னும் எண்ணம் குறைந்துபோயிற்று என்பது எனது அபிப்பிராயம்; மாறுபடுவோர் உண்டு. 2017-ம் வருஷத்தில் 100 கோடி ரூபாய் மதிப்பில் 1,519 வேலைகளுடன் குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டம் மீண்டும் தொடங்கப்பெற்றது. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ ஏற்க வேண்டுமென்பது அதன் ஏற்பாடு. அந்தப் பத்தில் ஒரு பங்கை மெய்யாகவே செலுத்திய ஊரில் வேலையை ஆட்கள் நின்று பார்த்தனர். எழுத்தில் மட்டும் செலுத்திய ஊரில் குத்தகைக்காரர் தம் இஷ்டப்படி செய்து போயினர்.

சட்டத்திற்குக் குறைவில்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் 2000-ம் வருஷத்தது. அதன்படி, பாசனம் பெறும் நிலமுடையோர் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, முறைப்பாசன அட்டவணை தயாரித்து, மராமத்துக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ம் வருஷத்தில் தனிச் சட்டம் ஏற்பட்டது. நிலத்தடி நீருக்காக 2003-ல் இயற்றிய சட்டமோ 2013-ல் ரத்து செய்யப்பட்டது. கிணறுகளுக்கு மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். இதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க இயலாது. ஆனால் ஓர் ஊரின் செல்வாக்குள்ளவர்கள் யாவரும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டபின், ஏரி நிரம்பினாலென்ன நிரம்பாவிட்டாலென்ன என்று இருந்துவிடுகின்றனர். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவரே ஏரியை நம்புகிறார். அவர் சொல் சபையில் ஏறுவதில்லை. கிணற்றுக்காரருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறேன்: ஏரியில் நிற்கும் ஜலமே கரைக்குக் கீழுள்ள கிணறுகளில் ஊறுகிறது. நமது ஜில்லாவில் பல பிர்க்காக்கள் ஊறுவதற்கு மேல் இறைப்பவை என்று கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டிருப்பதற்கு, வற்றிய ஏரிகளும் ஒரு காரணமே.

வலென்சியாவும் உத்திரமேரூரும்

ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் தண்ணீருக்கென்று ஒரு நியாயசபை உண்டு. எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுத்த எட்டுக் குடியானவர்கள், ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்நகரின் பெரிய தேவாலய வாயிலில் கூடுகின்றனர். வக்கீல் இல்லை, வாக்குமூலக் காகிதம் இல்லை. வாதி சொல்வதையும் பிரதிவாதி சொல்வதையும் கேட்டு, அங்கேயே தீர்ப்புக் கூறுகின்றனர். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இச்சபையை ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் 2009-ல் உலகப் பாரம்பரிய வழக்கங்களுள் சேர்த்தது. கோயில் வாசலில் கூடிப் பேசுவது நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. குறித்த நாளில் குறித்த நேரத்தில் தவறாமல் கூடுவதையே கற்க வேண்டும்.

அதனினும் அண்மையில், வந்தவாசிக்கு வடகிழக்கேயுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை இருக்கின்றன. ஏரி வாரியம் என்ற குழுவுக்குக் குடவோலை மூலம் ஆட்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்பது அதிலுள்ள ஒரு விதி. நமது சங்கங்களில் இவ்விதியை இன்று அமல் செய்தால் எத்தனை பேர் மிஞ்சுவர் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம்.

ஜலக் கணக்கு

கணக்கு என்றால் ரூபாய்க் கணக்கு மட்டுமன்று. ஏரி ஜலத்துக்கும் கணக்கு வேண்டும். நெல்லுக்கு நாற்று முதல் அறுவடை வரை உத்தேசமாக 4 அடி உயர ஜலம், அதாவது 1,200 மில்லிமீட்டர், தேவை. பத்து லட்சம் கன அடி ஜலம் ஏறக்குறைய 23 ஏக்கர்மீது ஓர் அடி நிற்கும். ஆதலால் அது நெல் பயிரில் 6 ஏக்கருக்குத்தான் சரியாகும். மேற்சொன்ன 60 ஏக்கர் ஆயக்கட்டுக்கு ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட கன அடி வேண்டும். ஏரியில் பாதிதான், அதாவது 50 லட்சம் கன அடிதான் இருக்கிறதென்றால், 60 ஏக்கரிலும் நெல் நட்டவர்கள் கதிர் பிடிக்கும் சமயத்தில் வானத்தைப் பார்க்க நேரிடும். அதே ஜலம் 30 ஏக்கர் நெல்லுக்குப் போதும். அல்லது 20 அங்குல ஜலத்தில் விளையும் மணிலாவானால் 60 ஏக்கருக்கும் போதும். கசிவுக்கும் வெயிலில் ஆவியாவதற்கும் கழித்துக்கொண்டே இதைக் கணக்கிட வேண்டும். நடுவில் பெய்யும் மழை லாபம். வடிகாலில்லாத களிமண் நஞ்சையில் மணிலா வராது. அங்கே உளுந்து விதைக்கலாம். நெல்லிலும் எந்நேரமும் ஜலம் கட்டி வைக்காமல், நீர் மறைய நீர் கட்டும் முறையை அனுசரித்தால் கணிசமான ஜலம் மிச்சமாகும்.

இக்கணக்கைப் போடுவதற்கு ஒரே ஒரு சாதனம் வேண்டும்: மதகுக்கு அருகில் அடிக்குறி எழுதிய கல். பல ஏரிகளில் அது பழங்காலத்திலேயே இருந்து, பாசி பிடித்து மறைந்து கிடக்கிறது. அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசி, வாரம் ஒரு தடவை மட்டத்தைச் சிலேட்டில் எழுதி வைக்க ஒரு பள்ளிச் சிறுவனாலும் முடியும். மதகைத் திறப்பவர் மட்டும் ஒருவரேயாக இருத்தல் வேண்டும். முன்னாளில் நீர்க்கட்டி என்று ஒருவரை நியமித்து, களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுத்துவந்தனர். கூலி நின்றது, நீர்க்கட்டியும் நின்றார். இப்பொழுது சண்டியர் கையில் சாவியிருக்கிறது, அல்லது ஷட்டரே உடைந்திருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நீர்க்கட்டியை மறுபடி அமர்த்திக்கொள்வது, கரையை உயர்த்துவதைக் காட்டிலும் மலிவானது. மீன் ஏலம் எடுத்தவர் மதகைத் தொடலாகாது என்பதையும் ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடுதல் அவசியம்.

ஜலம் அதிகமாகும்போதும் இதே நிர்வாகம்தான் காக்கிறது. 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 732 கோடி கன அடி. 2024-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலையில், பெஞ்சல் புயலின் மழையால் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் பெருஞ்சேதம் உண்டாயிற்று. அந்த வேகத்தில், 60 ஏக்கருக்குப் போதுமான நம் ஊர் ஏரியின் ஜலம் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போகும். அதற்கு முந்தின நாளே திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவு வீடுகள்மீது விழுந்து ஏழு பேர் மாண்டனர். அத்தகைய மழையை எந்த ஏரிச் சங்கிலியும் முற்றிலும் தாங்காது. ஆயினும் அடைபட்ட வரத்துக்காலும் உயர்த்திய கலங்கலும் கரை உடைவதற்குத் துணை செய்கின்றன என்பதில் ஐயமில்லை.

வண்டலைப் பற்றி

ஏரி வண்டலை எடுப்பது ஏரிக்கும் வயலுக்கும் ஒருங்கே நன்மை பயப்பது. விவசாயத்துக்கு அதனைக் கட்டணமின்றி எடுக்க விதியுண்டு. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் அனுமதிக்கப்படும். 2024 முதல் தாசில்தாரே உத்தரவு அளிக்கலாம். 75 கன மீட்டர் என்பது ஓர் ஏக்கரில் முக்கால் அங்குல கனத்துக்குப் பரவும். செம்மண் மணலான மணிலாக் கொல்லைக்கு இதைவிட நல்ல எருவை யான் கண்டதில்லை, ஈரம் தங்கும். மேல் வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். மதகின் மட்டத்திற்குக் கீழே குழி பறித்தால் அங்கே நிற்கும் ஜலம் வயலுக்கு வராது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும். வண்டல் என்ற பெயரில் மணலையும் கிராவலையும் லாரியில் ஏற்றுவோரை ஊரார் தடுக்க வேண்டும். லாரி எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்தால் புகார் வலுவாக நிற்கும்.

அடுத்த கிராம சபைக்குச் செல்லுமுன், ஆயக்கட்டுதாரர் நால்வராவது கிராம நிர்வாக அலுவலருடன் வரத்துக்காலை ஒரு முறை நடந்து, குறை காணும் இடங்களைப் புல எண்ணுடன் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு தீர்மானப் புத்தகத்தில் ஏறியபின், ஒவ்வொரு குறைக்கும் எதிரே எந்த இலாகா, ஊரில் யார் தொடர்ந்து கேட்பவர், எந்த மாதத்துக்குள் என்ற மூன்றையும் எழுதுக. ஆக்கிரமிப்பு விவரங்களை அடங்கல் நகலுடன் ஜமாபந்தியில் மனுவாகக் கொடுத்தால் பதிவாகும். ஜமாபந்தி கோடையில் நடப்பதால் மழைக்கு முன் சர்வேயரை வரவழைக்க அவகாசமும் கிடைக்கும். ஏரி மட்டத்தையும் ஆயக்கட்டையும் எழுதி அனுப்புவோர்க்கு, எந்தப் பயிர் எத்தனை ஏக்கருக்குச் சாத்தியம் என்ற கணக்கைப் போட்டுத் தர யான் சித்தமாயிருக்கிறேன். ஆடி மாதத்துக்குள் அனுப்பினால் சம்பா விதைப்புக்கு முன் பதில் கிடைக்கும்.